மேல ஓடின வண்டியா, கீழ ஓடின வண்டியா?

என் கார் 2,80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். "இன்னுமா வெச்சிருக்கீங்க?" என்பார்கள். சேலத்தில் கல்யாண மண்டபத்து வாசலில் நாலு ஆம்பளைகள் சேர்ந்து நின்றால் பேச்சு வெயில், மாம்பழ விலை என்று போய்க் கடைசியில் வண்டியில் வந்து நிற்கும். வண்டி என்றால் முதல் கேள்வி, எவ்வளவு ஓடியிருக்கு? என் மாமா ஒருவர் இதற்கு ஒரு சட்டமே வைத்திருக்கிறார்: "லட்சத்தைத் தொடுறதுக்குள்ள தள்ளிவிட்டுடணும்டா. அப்புறம் நீ வண்டியை ஓட்ட மாட்ட, வண்டிதான் உன்னை ஓட்டும்." அவர் அப்படித்தான் செய்வார். அவர் தள்ளிவிட்ட வண்டிகளில் ஒன்றிரண்டு இன்னும் அம்மாப்பேட்டைப் பக்கம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இன்ஜினிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. பழைய மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம்தான். 99,999க்கு அப்புறம் சுழியில் தொடங்கும். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கதைதான், அங்கே மைல். மீட்டர் ஒரு சுற்று முடித்தால் வண்டியின் ஆயுளும் முடிந்தது என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். நாமோ அதே எண்ணைக் கிலோமீட்டரில் எடுத்துக்கொண்டோம். ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது 62,000 மைல்தான் என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் இன்று சாலையில் ஓடும் கார்களின் சராசரி வயது பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல். அந்தச் சராசரி வண்டியே நம் லட்சத்தை எப்போதோ தாண்டியிருக்கும்.

இன்னொரு வேடிக்கை, இந்தப் பயம் லாரிக்காரர்களிடம் இல்லை. சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்கிற ஊர் நம்முடையது. வருஷத்துக்கே ஒரு லட்சம் ஓடுகிற நேஷனல் பர்மிட் வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்கள், செகண்ட்ஸ் வண்டி வாங்கும்போது மீட்டரை ஒரு தரம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இன்ஜின் வேலை எப்போ பார்த்தது, யார் ஷெட்டில் பார்த்தது, எந்த லைனில் ஓடினது, இதுதான் அவர்கள் கேட்பது. அதே ஆள் தன் வீட்டுக்குக் கார் வாங்கப் போனால் மட்டும் "நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று மயங்கிவிடுகிறார். ஏன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஏற்காட்டு ரோட்டில் முள் ஏறியபோது

போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். வண்டியில் ஐந்து பேர், பின்னால் சாமான், ஏசி போட்டிருந்தது. கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவில் முக்கால்வாசி ஏறியாயிற்று. அப்போதுதான் டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து மெதுவாக மேலே நகர்ந்தது. ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, இடம் பார்த்து ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். பானெட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம், ஏற்காட்டு ரோட்டில் அடிக்கடி போகிறவர்களுக்குத் தெரியும், கொதிக்கிற சத்தம். அதே மாமா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். இறங்கி, இடுப்பில் கை வைத்து, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "இன்ஜின் முடிஞ்சுதுடா. இத்தனை ஓடினா எந்த இன்ஜின் தாங்கும்?" என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மாமா சொன்னதை மறுக்கவும் இல்லை.

இதற்கு முன்னால் யாராவது இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்கு அப்படி முடியவில்லை. வண்டி சூடு ஆறும்வரை அந்த வளைவில் உட்கார்ந்து, மனதுக்குள் வண்டியை விற்று, புது வண்டிக்கு இஎம்ஐ கூடப் போட்டுவிட்டேன். ஆறின பிறகு கையில் இருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி, திரும்பி, இரண்டாம் கியரிலேயே கீழே இறக்கி, மறுநாள் காலை நேராக எங்கள் மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவர் எத்தனை ஓடியிருக்கு என்று கேட்கவில்லை, அது அவருக்கே தெரியும். ஆயில் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பார்த்தார். மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற அடைப்பு, போயிருக்கலாம். வெளுக்கவில்லை. ரேடியேட்டரைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, தண்ணீரில் குமிழி தொடர்ந்து வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. புகையில் வெள்ளையும் இல்லை நீலமும் இல்லை. அப்புறம் ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்து, அதன் அடியில் இருக்கிற ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திக் காட்டினார். விறைத்துப்போய் விளிம்பில் வெடித்திருந்தது.

"குக்கர் வெயிட்டு மாதிரிதான்ணா இது" என்றார். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடியின் வேலை. அழுத்தம் நின்றால் உள்ளே இருக்கிறது 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடி கசிந்தால் வெறும் 100. அதுவும் சேலத்தில்தான் 100க்குக் கிட்டே. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் ஒழுங்காக வேலை செய்கிற சூடே 90ஐ ஒட்டித்தான் என்பதால், கீழே ஐந்து ரோட்டில் சிக்னலில் நின்று நின்று போகும்போது தெரியாத குறை மேலே ஏற ஏறத் தெரிந்துவிட்டது. இதற்கு மேல் ரேடியேட்டருக்குள் வெள்ளையாகப் படிவம். வழியில் எங்கேயோ, யாரோ ஒரு ஆக்டிங் டிரைவரோ பங்க்கில் ஒரு பையனோ, கூலன்ட்டுக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். நம் ஊர் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வீட்டு ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கெட்டில் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது.

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, மூடி, தெர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ் மாற்றி, சரியான கூலன்ட் ஊற்றினார். செலவு சில ஆயிரம். மூடியின் விலை மட்டும் சில நூறு ரூபாய். இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் அந்த மூடிக்கும் சம்பந்தமே இல்லை. ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வருஷமும் சூடும்தான் தெரியும்.

பக்கத்தில் நின்ற வண்டி

என் வண்டி வேலையில் இருந்தபோது பக்கத்துப் பிட்டில் இன்னொரு கார் நின்றது. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிற ஒருவருடையது, விற்பனைக்கு வந்திருந்தது. வயது பதினாலு, ஓடியது 41,000. ஒரே ஓனர். உண்மையான மீட்டர்தான், சர்வீஸ் ரெக்கார்டும் இருந்தது. என் மச்சானுக்கு அதை வாங்க ஆசை, அதனால் அண்ணன் பார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டிருந்தார். பழைய கார் விற்கிற கன்சல்டிங் கடையில் இந்த மாதிரி வண்டி வந்தால் மூன்று நாள் நிற்காது. அண்ணன் என்னிடம் திரும்பி, "இது மேல ஓடின வண்டிங்ணா. உங்களுது கீழ ஓடினது. அதுதான் வித்தியாசம்" என்றார்.

நான் அதை முதலில் ஒரு பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. என் வண்டி பெரும்பாலும் வேலை விஷயமாகப் பெங்களூரு ரோட்டில் ஓடியது. இருநூறு கிலோமீட்டர், தொப்பூர் கணவாயை விட்டால் பெரும்பாலும் ஐந்தாம் கியர். அங்கே சராசரி மணிக்கு 60 என்று வைத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு இன்ஜின் ஓடிய நேரம் 1,700 மணிக்குக் கொஞ்சம் குறைவு. மலையில் சராசரி 20 கூடத் தாண்டாது. அதே ஒரு லட்சத்துக்கு 5,000 மணி நேரம். அதிலும் இரண்டாம் கியரில் ஒரு கிலோமீட்டர் போக இன்ஜின் சுற்றுகிற சுற்று, ஐந்தாம் கியரில் சுற்றுவதைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அப்படியானால் அந்த 41,000 உண்மையில் எவ்வளவு? லட்சத்தைத் தொடும், ஏன், அதற்கு மேலும் போகும். மீட்டரோ சக்கரத்தை மட்டும்தான் எண்ணுகிறது.

இதைவிட மோசம் குளிர்ந்த இன்ஜின். தோட்டத்திலிருந்து கடைவீதிக்கு மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று. ஆயில் சூடாகி எல்லா இடத்துக்கும் ஒழுங்காகப் போவதற்குள் பயணம் முடிந்துவிடும். உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாக நேரம் இல்லாமல் ஆயிலோடு கலந்து கிடக்கும். தேய்மானத்தில் பெரும் பங்கு ஸ்டார்ட் பண்ணி முதல் சில நிமிஷத்தில்தான் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். ஏற்காட்டின் மூட்டமும் குளிரும் வேறு.

அப்புறம் பிரேக். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500. ஆள் ஏறிய 1,200 கிலோ வண்டி அந்த உயரத்திலிருந்து கீழே வந்து நிற்கிறது என்றால், அந்த ஆற்றலெல்லாம் எங்கேயாவது சூடாகத்தான் போக வேண்டும். கணக்குப் போட்டால் பச்சைத் தண்ணீர் நாற்பது லிட்டரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. கியரைக் குறைத்து இறக்குகிறவர்களுக்குப் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு இறக்குகிறவர்களுக்கு எல்லாம் டிஸ்க்கிலும் பேடிலும்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும் பொருள். டாட் 4 ரக ஆயில் என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அது 155க்கு இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதற்காக. அந்தத் தோட்டத்து வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ரெக்கார்டில் தேடினோம். கிடைக்கவில்லை. ஓடாத வண்டிக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

அண்ணன் பட்டியல் போட்டார்: கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, முன் டிஸ்க் இரண்டும் தேய்ந்து விளிம்பில் உதடு கட்டியிருக்கிறது, இன்ஜின் மவுன்ட் தொய்ந்திருக்கிறது, வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது, வால்வையும் பிஸ்டனையும் ஒத்துப்போக ஓட வைக்கிற டைமிங் பெல்ட் கம்பெனி போட்டதே. பெல்ட்டைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் மாற்றக் கூடாது, வருஷக் கணக்கும் உண்டு, எது முந்துகிறதோ அது. பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி அன்றைக்கே கதை முடியும். செயின் இருக்கிற இன்ஜின்களுக்கு இந்தப் பயம் குறைவு, ஆனால் ஆயிலை ஒழுங்காக மாற்றாவிட்டால் செயினும் தளரும். டயரில் ரோட்டைப் பிடிக்கிற பட்டன் தேயாமல் நன்றாக இருந்தது, பக்கவாட்டில் பார்த்தால் நாலு இலக்க எண், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் தயாரித்த வருஷம். அந்த டயர்கள் பத்து வயது தாண்டியவை. இதெல்லாம் போக, எலி ஒயரைக் கடித்து யாரோ டேப் சுற்றியிருந்தார்கள்.

உலக சாதனைக்காரர்கள்

அந்த வாரம் முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் 1966இல் வாங்கிய வால்வோ பி1800 ஒன்றை 30 லட்சம் மைலுக்கு மேல் ஓட்டினார். 2018இல் அவர் இறக்கும்வரை அது ஓடியது. கிரேக்க நாட்டு டாக்ஸிக்காரர் கிரிகோரியோஸ் சகினிடிஸ் தன் 1976 மெர்சிடிஸ் 240டியை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, அது இப்போது ஸ்டட்கார்ட்டில் அந்தக் கம்பெனியின் மியூசியத்தில் இருக்கிறது. இவற்றை நம் ஆட்கள் வாட்ஸாப்பில் அனுப்பும்போது ஒரே இன்ஜின் இவ்வளவு ஓடியது போல எழுதுவார்கள். அப்படி இல்லை. டாக்ஸியின் இன்ஜினைப் பலமுறை மாற்றி மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். வால்வோவிலும் இன்ஜின் வேலை பார்த்திருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. இரண்டுமே நிற்காமல் ஓடின வண்டிகள், பெரும்பாலும் ஒரே ஆள் கையில் இருந்தவை, கிளம்பினால் நீண்ட தூரம் போனவை. அண்ணன் பாஷையில் சொன்னால் கீழ ஓடின வண்டிகள்.

நம் ஊரில் இதற்கு நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் டிராவல்ஸ் இன்னோவாவைத்தான் பார்க்க வேண்டும். 2005இல் வந்த வண்டி, நாலு லட்சம், ஐந்து லட்சம் ஓடினது சேலம் ஜங்ஷன் வாசலிலேயே நிற்கும். அதன் டிரைவரிடம் பேசினால் இன்ஜினைப் பற்றிப் பெரிதாகப் புலம்ப மாட்டார். கிளட்ச், புஷ், லோயர் ஆர்ம், இன்ஜெக்டர், ஏசி கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றும் எப்போது மாற்றினார் என்று சொல்வார். அதிக ஓட்டத்தில் வரும் தொந்தரவு இந்த ரகம்தான். ஒன்றரை லட்சத்துக்கு அப்புறம் ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டும், எதுவும் வண்டியைச் சாகடிக்காது, ஆனால் பணம் கேட்கும். கேட்கிறபோது கொடுக்காதவர்கள்தான் வண்டி முடிஞ்சது என்கிறார்கள்.

எண் எவ்வளவு உண்மை

இவ்வளவுக்கும் அப்புறம் அந்த எண்ணையே நம்ப முடியாது என்பது தனிக் கூத்து. டிஜிட்டல் மீட்டரை லேப்டாப்பை மாட்டிக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. ஊரே எதை வைத்து விலை பேசுகிறதோ அதைத்தான் மாற்றுவது சுலபம். ஸ்டியரிங்கின் வழுவழுப்பு, கிளட்ச் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் வலது ஓரம், இவற்றைக் குறைக்க எந்த லேப்டாப்பும் இல்லை. 60,000 என்று சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் வழித்தெடுத்தது போல இருந்தால் நான் அடுத்த கேள்வி கேட்க மாட்டேன்.

வயதைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. டீசல் பத்து வருஷம், பெட்ரோல் பதினைந்து வருஷம் என்பது டில்லிப் பக்கத்தில் கொண்டுவந்த கட்டுப்பாடு. நம் மாநிலத்தில் அப்படி இல்லை. பதினைந்து முடிந்தால் எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பித்து ஐந்து வருஷம் ஓட்டலாம். கட்டணத்தைத்தான் 2022 ஏப்ரலில் 600இலிருந்து 5,000 ஆக்கினார்கள். அது எரிச்சல்தான், ஆனால் ஒரு மாத இஎம்ஐயில் பாதி கூட வராது.

மச்சான் அந்தத் தோட்டத்து வண்டியை வாங்கிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணன் போட்ட பட்டியலை எடுத்துப்போய் ஓனரிடம் காட்டினார், ஓனர் கௌரவமான மனிதர், பட்டியல் செலவில் பாதிக்கு மேல் விலையில் குறைத்துக்கொண்டார். பெல்ட், பிரேக் ஆயில், டயர் மூன்றையும் முதல் வாரத்திலேயே மாற்றியாயிற்று, கிளட்ச்சுக்குத் தேதி சொல்லியிருக்கிறார். இனி அது ஆத்தூர், சென்னை என்று கீழே ஓடப் போகிறது. என்னுடையதற்குப் பதில் புதிது வாங்கலாமா என்று நானும் ஒரு முறை ஷோரூம் வரை போனேன். 2020க்குப் பிறகு வந்த டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது, அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது தொடர்ந்து வேகமாக ஓட வேண்டும். என் பெங்களூரு ஓட்டம் இப்போது குறைந்துவிட்டது, அஸ்தம்பட்டிக்கும் மெய்யனூருக்கும் இடையில்தான் சுற்றுகிறேன், அதற்கு அது ஒத்துவராது. வாங்கினால் பெட்ரோல்தான். இப்போதைக்கு வாங்கவில்லை. அண்ணன் மூன்று லட்சம் தொடும்போது இன்ஜினுக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார், அதற்கு முன்னால் இடது பக்க லோயர் ஆர்மையும் ஒரு இன்ஜின் மவுன்ட்டையும் மாற்றணுமாம். சாமானுக்குச் சொல்லியாயிற்று.